மீன்கொத்தியை உருக்கிவிடாதீர்கள்: நகராட்சிக் கழிவுநீர்த் துறைக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சிக் கழிவுநீர்த் துறையின் தலைவர் அவர்களுக்கும், இம்முடிவை எடுத்த அலுவலர்களுக்கும்,

சென்ற அக்டோபரில், இந்த ஜப்பானிய நகரில் வீடு வீடாகக் கைமாறும் அறிவிப்புப் பலகையான சுற்றுப்பலகை எங்கள் தெருவுக்கு வந்தபோது, அதில் குப்பை எடுக்கும் நாள் மாற்றத்துக்கும் தடுப்பூசி அறிவிப்புக்கும் நடுவே, நான்கே வரிகளில் தங்கள் துறையின் முடிவு ஒன்று இருந்தது. பழுதாகி மாற்றப்படும் மேன்ஹோல் மூடிகளுக்குப் பதிலாக இனிமேல் படமில்லாத பொதுவகை மூடிகளே பொருத்தப்படும் என்றும், மீன்கொத்தியும் ஐரிஸ் மலரும் பொறித்த நம் நகரத்து மூடிகள் இனி வார்க்கப்பட மாட்டா என்றும், கழற்றப்படுபவை பழைய இரும்பாக அப்புறப்படுத்தப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. கருத்துக் கேட்பு நடந்ததாக அதில் இல்லை. எதிர்ப்பு இருந்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் இல்லை. இந்த முடிவை என்னால் வாய்மூடி ஏற்க முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இம்மடலின் ஜப்பானிய வடிவத்தைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுற்றுப்பலகையைப் படிக்க இயலாமல் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றிவிடும் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் சில உள்ளன. அவர்களும் இங்கே வரி கட்டுகிறார்கள், இதே மூடிகளின் மேல் நடந்துதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார்கள்.

நான் இந்நகருக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் கடைப் பலகைகளோ, பேருந்து நிறுத்தத்தின் பெயரோ எனக்குப் புரியாது. நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியை நான் மூடிகளை வைத்துத்தான் நினைவில் நிறுத்திக்கொண்டேன்: வண்ணம் பூசிய மீன்கொத்தி நிலைய வாசலில், வண்ணமில்லாத மீன்கொத்தி மருந்துக்கடை முனையில், அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஐந்தாவது மூடி எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. என் மகள் தானாக எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஜப்பானியச் சொல் பாடப்புத்தகத்தில் இருந்ததன்று. மூடியின் விளிம்பில், ஜப்பானியக் குழந்தைகள் முதலில் கற்கும் எளிய எழுத்தான ஹிரகானாவில் பொறித்திருந்த 'உசுய்', அதாவது மழைநீர். பக்கத்து மூடியில் 'ஒசுய்', கழிவுநீர். இரண்டு சொற்களுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதைக் கண்டுபிடித்த அன்று அவள் தெரு முழுவதும் குனிந்து குனிந்து படித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஓர் எழுத்தினால் விளைந்த பயனையும் சொல்கிறேன். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் வீட்டுச் சன்னலுக்குச் சாயம் பூசிவிட்டுத் தூரிகையைத் தெருவோர வடிகாலில் கழுவப் போனேன். "அம்மா, அது உசுய். அது மீன்கொத்தி இருக்கும் ஆற்றுக்குப் போகும்" என்று தடுத்தாள். நம் நகரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் என்பதும், மழைநீர்க் குழாயில் விடுவது சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடாமல் நேரே ஆற்றில் கலக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. தங்கள் துறை ஆண்டுதோறும் அச்சிட்டு வீடுகளில் போடும் துண்டறிக்கையில் இதே செய்தி இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். துண்டறிக்கை என்னிடம் செய்ய முடியாததை ஒரு பறவையின் உருவம் என் மகளிடம் செய்திருந்தது.

அந்தப் பறவை அங்கே எப்படி வந்தது என்பதை எங்கள் தெருச்சங்கத்தின் முன்னாள் தலைவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. அவர் இளைஞராக இருந்தபோது ஆற்றோரத்து வீடுகளில் கோடையிலும் சன்னலைத் திறக்க மாட்டார்களாம். நுரை மிதக்கும், மீன் செத்து ஒதுங்கும். பாதாளச் சாக்கடை போடப்பட்டு, வீடு வீடாக இணைப்புக் கொடுத்து, பல ஆண்டுகள் கழித்து ஒரு பனிக்காலக் காலையில் பாலத்தடியில் மீன்கொத்தி ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். மீன்கொத்தி வந்தால் மீன் வந்துவிட்டது என்று பொருள். மீன் வந்தால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று பொருள். மூடிக்கு என்ன படம் போடலாம் என்று நகராட்சி கேட்டபோது இவர்கள் தெருவிலிருந்துதான் அந்தப் பறவையின் பெயர் போயிற்று. அறிவிப்பில் தாங்கள் அதை 'அலங்காரம்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். குழாய் பதிக்கத் தம் கைப்பணத்திலிருந்து பங்குத்தொகை கட்டிய தலைமுறைக்கு அது அலங்காரம் அன்று. கட்டிய பணத்துக்கு அவர்கள் கையில் கிடைத்த ஒரே ரசீது.

தங்கள் துறைக்கு நான் வரலாறு சொல்வது முறையாகாது என்றாலும், முடிவெடுத்தபோது அது மேசையில் இருந்ததாகத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். 1977-ஆம் ஆண்டிலேயே ஒகினாவாவின் நாஹா நகரம் தன் மூடியில் துள்ளும் மீன்களைப் பொறித்தது. சாக்கடை வந்தால் நீர் தெளியும், நீர் தெளிந்தால் மீன் திரும்பும் என்பதே அதன் பொருள். 1985-இல் கட்டுமான அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த யசுதாகே கமேதா, ஒவ்வோர் ஊரும் தனக்கென்று மூடி வடிவமைத்துக்கொள்ளலாம் என்று ஊக்கப்படுத்தினார். அக்காலத்தில் இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் பாதாளச் சாக்கடை வசதி இருந்தது. சாலையைத் தோண்டி, போக்குவரத்தை மறித்து, வீட்டுக்காரரிடம் பணமும் கேட்டு, முடிவில் மண்ணுக்குள் மறைத்துவிடும் ஒரு பணிக்கு மக்களின் இசைவைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பது தங்களுக்குத் தெரியும். கண்ணில் படும் ஒரே பாகம் மூடிதான். அந்த மூடியை ஊருக்கு உரியதாக்கினால் அதன் கீழ் உள்ளதையும் ஊர் தன்னுடையதாக நினைக்கும் என்பதே அந்த யோசனையின் உட்கருத்து. இன்று ஐவரில் நால்வருக்கு இணைப்பு இருக்கிறது. மூடிகளால் மட்டுமே இது நடந்ததென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணியோடு கூடவே வளர்ந்தவை அவை.

ஆகவேதான் ஹகோதாதேயில் கணவாய்கள் ஆடுகின்றன, மத்சுமோத்தோவில் தெமாரி நூல்பந்துகள் உருள்கின்றன, ஒகயாமாவில் நாட்டார் கதை நாயகன் மொமோத்தாரோ நிற்கிறான், ஹிரோஷிமாவின் மூடியில் அணுகுண்டுத் துயரை நினைவூட்டும் காகிதக் கொக்குகள் இருக்கின்றன. ஹிரோஷிமாவில் நான் அந்த மூடியை மிதிக்க மனமின்றிச் சுற்றிப் போனேன். பின்னால் வந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், "மிதிக்கலாம், அதற்குத்தான் போட்டிருக்கிறோம், ஒவ்வொரு நாளும் நினைவில் இருக்கட்டும் என்று" எனச் சொன்னார். ஓர் ஊரின் துயரத்தையும் பெருமிதத்தையும் நாற்பது கிலோ இரும்பில் வார்த்துக் காலடியில் வைக்கும் துணிவு வேறெந்த நாட்டில் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இனித் தாங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அறிவிப்பில் இருந்தவை மூன்று: செலவு, வழுக்கல், குழாய்ப் பராமரிப்புக்கு முன்னுரிமை. மூன்றையும் நான் அற்பமாக எண்ணவில்லை.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் கனமானது. 2025 ஜனவரி 28 அன்று சைதாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் சாலை உள்வாங்கி, போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று குழிக்குள் விழுந்தது. அதன் ஓட்டுநர் உயிரோடு திரும்பவில்லை. நிலத்தடியில் அரித்துப்போன கழிவுநீர்க் குழாயிலிருந்து அந்தக் குழி பிறந்தது. தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்துமாறு சுமார் 12 லட்சம் மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்தக் காட்சிகளைப் பார்த்த எவரும், குழாய்க்குச் செலவிட வேண்டிய பணத்தை மூடியின் வண்ணத்துக்குச் செலவிடுங்கள் என்று கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு: மக்கள் கால்கீழே பார்க்க வேண்டிய தேவை முன்னெப்போதையும்விடக் கூடியிருக்கும் இந்த வேளையில், அவர்கள் பார்ப்பதற்கு அங்கே இருந்த ஒன்றையும் ஏன் எடுத்துவிடுகிறீர்கள்?

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மருந்துக்கடை முனையில் இருந்த மூடியில் மீன்கொத்தியின் அலகு மழுங்கிக்கொண்டே வந்ததைக் கவனித்தேன். முதலில் அலகின் நுனி, பிறகு சிறகின் வரிகள், ஓராண்டில் பறவையின் வயிறு முழுவதும் கண்ணாடிபோல் வழவழத்துவிட்டது. மழை நாளில் என் மிதிவண்டி அதன்மேல் சறுக்கியது. கார் ஏறும்போதெல்லாம் 'டக்கு டக்கு' என்று ஆடியது. நான் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூன்றாம் நாள் ஆட்கள் வந்து மாற்றினார்கள். அந்த விரைவுக்கு இன்றும் நன்றியுடையவள். ஆனால் அது தேய்கிறது என்பதை நான் எப்படி அறிந்தேன்? புடைப்பின் உயரத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பறவைக்கு அலகு போனதைக் கண்டேன், அவ்வளவுதான். முழுக்க ஒரேமாதிரிப் புள்ளிகள் நிறைந்த மூடியில் புள்ளிகள் தேய்வதை அளவுகோலோடு வரும் பணியாளர் அறிவார், வழிப்போக்கர் அறியமாட்டார். நாடெங்கும் 1.5 கோடிக்கும் மேற்பட்ட மூடிகள் இருக்கின்றன. வாகனம் ஓடும் சாலையில் ஒரு மூடிக்குரிய ஆயுட்காலம் 15 ஆண்டுகள் என்றும், மற்ற இடங்களில் 30 ஆண்டுகள் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். அதைக் கடந்தவை ஏராளம். இத்தனையையும் சோதிக்கப் பல நகராட்சிகளிடம் போதிய ஆட்கள் இல்லை. 2021-இல் தோக்கியோவின் ஷிபுயாவில் பொதுமக்கள் விளையாட்டுப்போல் தங்கள் கைப்பேசியால் வட்டாரத்து மூடிகளைப் படமெடுத்துச் சேர்த்தது, இந்தக் கண்களை ஒரு நிர்வாகம் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டியது. விருப்பம் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கண்கள் இருக்கும்.

வழுக்கலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வழுக்குவது தேய்ந்த இரும்பு. படமிருந்தாலும் இல்லாவிட்டாலும் தேய்ந்தால் வழுக்கும். வண்ணப்பிசின் பரந்த பரப்பில் மழுமழுவென்று இருந்தால் ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் பல ஊர்கள் வண்ண மூடிகளை நடைபாதையிலும் நிலைய முற்றத்திலும் பூங்காவிலும் வைக்கின்றன. படத்தின் இடைவெளிகளில் வழுக்காத சிறு முனைகளையும் வார்க்கின்றன. பெருஞ்சாலையில் பாரவண்டிகள் திரும்பும் வளைவுகளில் தாங்கள் பொதுவகை மூடியைப் பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. நடைபாதைக்கும் பள்ளிச் சந்துக்கும் அதே விதி எதற்கு?

செலவு. வண்ணம் பூசிய மூடிக்கு விலை அதிகம். அதன் காரணத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பொதுமக்களை அனுமதித்த நாளொன்றில் ஒரு வார்ப்பாலைக்குப் போயிருந்தேன். உருக்கிய பழைய இரும்பு மணல் அச்சுக்குள் இறங்கிய சில நொடிகளில் மூடி உருவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மெதுவான வேலை: வயதான ஒருவர் நீண்ட மூக்குள்ள குப்பியால், புடைத்த கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் ஒவ்வொரு நிறமாகப் பிசினை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு நிறம் பக்கத்துப் பள்ளத்தில் சிந்திவிடக் கூடாது. அவர் மூச்சையும் அடக்கிக்கொண்டு ஊற்றியதாகத் தோன்றிற்று. அந்தக் கைக்குரிய கூலி விலையில் சேரத்தான் செய்யும். ஆனால் நம் நகரத்து மூடிகளில் மிகப் பெரும்பாலானவை வண்ணமே இல்லாதவை. வெறும் வார்ப்புக் கோடுகள். அவற்றுக்கான மூல அச்சு முன்பே செய்யப்பட்டுவிட்டது. மணலில் அந்த அச்சைப் பதிப்பதா, பொதுவகை அச்சைப் பதிப்பதா என்பதில் எவ்வளவு தொகை மிச்சமாகிறது என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. செலவைக் காரணமாகச் சொல்லும் ஒரு முடிவுக்குச் செலவுக் கணக்கு இல்லை என்பது என்னை மிகவும் வருத்தியது.

வருவாய்ப் பக்கத்தையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வோர் ஊரின் மூடிப் படத்தையும் தாங்கி, சேகரிப்பவர்களுக்காக 2016 ஏப்ரலில் தொடங்கிய மேன்ஹோல் அட்டைகளை அஞ்சலில் பெற முடியாது. அந்தந்த ஊருக்கு நேரில் போனால்தான் ஆளுக்கு ஓர் அட்டை, அதுவும் இலவசமாகத் தருகிறார்கள். என் குடும்பமே அதற்காகத் தொடர்வண்டி ஏறி, பெயரும் அறியாத ஊர்களில் இறங்கி, அங்கே உண்டு, தங்கித் திரும்பியிருக்கிறது. 2018-இன் இறுதியில் ககோஷிமாவின் இபுசுகியில் போகிமான் எனும் கேலிச்சித்திர உருவங்கள் பொறித்த மூடிகள் வந்த பின், ஒரு மூடியைப் பார்ப்பதற்காகவே தெற்குக் கடைசி வரை பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். புகழ்பெற்ற கேலிச்சித்திர உருவங்களைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவற்றைவிட எங்கள் மீன்கொத்திதான் உயர்ந்தது, ஏனெனில் அது வாங்கிவந்த உருவம் அன்று, இந்த ஆற்றிலிருந்தே எழுந்தது. நம் நகரத்துக்கும் அட்டை இருக்கிறது. அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு இனி எந்த மூடியைக் காட்டப் போகிறீர்கள்?

என் மனத்தை உண்மையில் புண்படுத்தியது நவம்பரில் நடந்தது. என் வீட்டுக்கு எதிரே இருந்த ஐந்தாவது மூடி ஓர் இரவில் மாற்றப்பட்டது. காலையில் புதிய இரும்பின் மேல் புள்ளிகள் மட்டும் இருந்தன. அது பழுதாகியிருந்தது, மாற்ற வேண்டியதே, அதில் குறையில்லை. பழைய மூடி எங்கே என்று கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு நானும் முன்னாள் தலைவரும் போனோம். ஒருவர் மற்றொருவரைக் கைகாட்ட, மூன்றாம் மேசையில் இருந்தவர், அது ஒப்பந்தக்காரரின் கிடங்குக்குப் போய் இரும்போடு இரும்பாக உருக்கப்பட்டிருக்கும் என்றார். எந்த ஆண்டில் வார்த்தது, எங்கிருந்து எடுத்தது என்ற பதிவோ ஒரு புகைப்படமோகூட இல்லை. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில், "அந்த மூடியை இறக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன்" என்று மட்டும் சொன்னார். 2017-இல் மாயேபாஷி நகரம் இப்படிக் கழற்றிய பழைய மூடிகளில் பத்தினைத் தலா 3,000 யென்னுக்கு மக்களுக்கே விற்றது. இருந்த மூடிகளைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. நம் நகரில் எங்களிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் அறிவிப்பை நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைத்து, ஒவ்வொரு தெருச்சங்கத்திலும் கருத்துக் கேட்பு நடத்துங்கள். அதற்கு முன் இரு வகை மூடிகளின் விலை வேறுபாட்டை எண்களில் வெளியிடுங்கள். பெருஞ்சாலைகளில் பொதுவகை மூடிகளை வையுங்கள். நடைபாதைகள், பள்ளி வழிகள், நிலைய முற்றம், ஆற்றோரச் சாலை ஆகியவற்றில் மீன்கொத்தி மூடியையே தொடருங்கள். வண்ணம் வேண்டாம், வார்ப்புக் கோடுகளே போதும். அந்த வண்ணச் செலவு குழாய்ச் சோதனைக்குப் போகட்டும். எந்த மூடியாக இருந்தாலும் 'உசுய்', 'ஒசுய்' என்ற சொற்கள் குழந்தைகள் படிக்கும் ஹிரகானாவில், தெளிவாக, அதன்மேல் இருக்க வேண்டும். நவம்பரில் எங்கள் தெருவில் போட்ட புதிய மூடியில் அவை இல்லை.

மூல அச்சு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதை நகராட்சியின் உடைமையாகப் பதிவு செய்து, நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். அச்சு அழிந்தால் பிறகு மனம் மாறினாலும் பயனிராது என்பதால் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டுகிறேன். இனிக் கழற்றும் ஒவ்வொரு மூடிக்கும் இடம், நாள், புகைப்படம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள், எஞ்சியவற்றை மாயேபாஷி செய்ததுபோல் விற்பனைக்கு விடுங்கள், அந்தப் பணத்தைப் பராமரிப்புக் கணக்கில் சேருங்கள். தேய்ந்த, ஆடும் மூடிகளைப் பொதுமக்கள் படமெடுத்து அனுப்ப ஒரு வழியைத் திறந்து, அதைச் சுற்றுப்பலகையில் பிற மொழிகளிலும் அறிவியுங்கள்; தமிழில் மொழிபெயர்த்துத் தர நான் ஊதியமின்றி முன்வருகிறேன்.

இக்கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதை இம்மாத இறுதிக்குள் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். அந்தப் பதிலை எங்கள் தெருச்சங்கத்தின் முன்னாள் தலைவருக்கும் அனுப்புங்கள். அவர் முகவரி ஜப்பானிய மடலுடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
ஆற்றோரச் சாலையில் வசிக்கும் ஒரு குடிமகள்